கட்டிலா, நாற்காலியா, பாயா

எங்கள் மலையூரான தானா ராத்தாவின் ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லித்தரும் மலாய்ப் பெண் அந்தப் பெயரைச் சொன்னதும் நான் பயந்துவிட்டேன். என் முழங்காலை மடக்கி நீட்டிப் பார்த்தாள். எலும்புக்கு ஒன்றும் இல்லை, உடம்பில்தான் பலம் இல்லை, பிலாத்தெஸ் செய்து பாருங்கள் என்று மலாயில் சொன்னாள். நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். தெரியாததைக் கேட்க வெட்கம். சரி சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்து, வாசலில் நின்ற மகளிடம் மெதுவாகச் சொன்னேன்.

"என்னமோ பிலாத்துகிட்டப் போகணுமாம்டி."

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலில் எல்லாரோடும் சேர்ந்து நான் வாய்விட்டுச் சொல்லும் ஜெபத்தில் வரும் பெயர் அது. ஆண்டவரைச் சிலுவைக்குக் கொடுத்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லிக் கை கழுவிக்கொண்ட தேசாதிபதியின் பெயர். அந்தப் பெயரில் என்ன நல்லது இருக்கப்போகிறது?

மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ம்மா, அது பிலாட்டீஸ்லா. எக்சசைஸ். கீழ படுத்துக்கிட்டுச் செய்யறது."

கீழே படுத்துக்கொண்டு என்று கேட்டதும் தேசாதிபதி மறந்துபோனார். வந்த பயம் வேறு பயம்.

அதற்கு இரண்டு மாதத்துக்கு முன்னால் நான் குளியலறையில் வழுக்கி விழுந்திருந்தேன். மகள் தேயிலைத் தொழிற்சாலையில் பேக்கிங் பகுதியில் வேலை செய்கிறாள். அவள் காலையில் கிளம்பிப் போன கொஞ்ச நேரத்தில் விழுந்தேன். பெரிய அடி இல்லை. ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. கையை ஊன்றினால் கை வழுக்கியது. காலை மடக்கினால் முழங்கால் கேட்கவில்லை. குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது. வாளியின் அடிப்பக்கம் எவ்வளவு அழுக்கு என்று அன்றுதான் பார்த்தேன். பக்கத்து வீட்டில் இரவு வேலை முடித்து வந்த வங்காளதேசப் பையன்கள் போனில் பாட்டுப் போட்டுக்கொண்டு சமைத்தார்கள். வெங்காயம் வதங்கும் வாசனை எனக்கு வந்தது. நல்ல பையன்கள். கூப்பிட்டிருந்தால் கதவை உடைத்துக்கொண்டு வந்திருப்பார்கள். அதனால்தான் நான் கூப்பிடவில்லை. உள்பாவாடையோடு கிடந்தேன். மகள் வேலை முடிந்து வரும்வரை, அந்தக் குளிரில், அப்படியே கிடந்தேன்.

அன்றிலிருந்து எனக்குத் தரை ஆகாது. கோயிலில் முழங்கால் போடுவதை விட்டேன். கையிலிருந்து கரண்டி விழுந்தால் மகள் வந்து எடுக்கட்டும் என்று விட்டுவிடுவேன். மலைச்சரிவில் மழையிலும் பனியிலும் கூடையோடு நின்று கொழுந்து எடுத்த கால்கள்தான். அவைதான் வீட்டுச் சிமெண்டைப் பார்த்து நடுங்கின.

மகள் என்னைத் தனியே விட்டுப் போக மாட்டேன் என்று லீவு போட்டாள். லீவு முடிந்து சம்பளமில்லாத லீவு போட்டாள். எங்கள் வீடு தோட்டத்துத் தொழிலாளர் லயத்து வீடு. வேலை இருக்கிறவருக்குத்தான் வீடு. என் பெயரில் இருந்தது, நான் ஓய்வு பெற்றதும் அவள் பெயருக்கு வந்தது. ஒருநாள் ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி வாசலில் வந்து நின்றார்.

"இந்தாம்மா, கிறிஸ்மஸுக்குள்ள வேலைக்கு வந்துரு. அதுக்கு மேல என்னால தாங்க முடியாது. வேற ஆளப் போட்டுருவாங்க. அப்பறம் வீட்டுக்கும் கணக்குக் கேப்பாங்க."

"அம்மாவ யாரு பாத்துக்கறது, கிராணி?"

"அத நா என்னம்மா சொல்ல" என்றார். அவரும் பாவம், தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே நின்றார்.

எனக்கு விளங்கிவிட்டது. நான் தனியாக இருக்கத் தெரிந்துகொண்டால் வீடு இருக்கும். இல்லாவிட்டால் இல்லை. அடுத்த வாரமே, "அந்தப் பிலாத்துகிட்டயே கூட்டிட்டுப் போடி" என்றேன்.

வகுப்பு பக்கத்து ஊரான பிரிஞ்சாங்கில், ஒரு தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடைக்கு மேல் மாடியில். சொல்லித்தருகிறவள் சீனப் பெண். அவளுடைய அப்பா கோலா தெர்லா பக்கம் காய்கறித் தோட்டம் வைத்திருந்தாராம். தமிழ் ஆட்களோடு வளர்ந்ததால் அவளுக்குத் தமிழ் வாயில் வரும். மகளின் சிலுவாரைப் போட்டுக்கொண்டு படியேறினேன். வாழ்நாளில் காற்சட்டை போட்டதில்லை. சட்டையைக் கீழே இழுத்து இழுத்துவிட்டுக்கொண்டே போனேன்.

உள்ளே போனதும் மகளின் கையைப் பிடித்துவிட்டேன். கட்டில் கட்டிலாகக் கிடந்தன. கட்டிலின் மேல் சக்கரம் வைத்த பலகை, பலகைக்கு அடியில் ஸ்பிரிங், தலைமாட்டில் கயிறு, கயிற்று முனையில் கால் நுழைக்க வார். ஒரு கட்டிலில் என் வயதை ஒட்டிய, தலையில் துடோங் முக்காடு கட்டிய அம்மாள் ஒருவர் படுத்திருந்தார். கால் இரண்டும் வாரில் தொங்கின. பலகை போவதும் வருவதுமாக இருந்தது. அந்தப் பெயருக்கு ஏற்ற இடம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த அம்மாள் தலையைத் திருப்பிப் பார்த்தார். "வாங்கக்கா. பயப்படாதீங்க. கீழ கடையில நா ரொட்டி மாவ இழுக்கறேன். மேல வந்தா இந்தப் பொண்ணு என்னைய இழுக்குது."

கீழ்க் கடைக்காரரின் மனைவி அவர். நான் சிரிக்கக்கூட இல்லை.

ஆசிரியை என்னை உட்காரவைத்துப் பேசினாள். "ஆண்டி, இதுல மூணு மாதிரி இருக்கு. இந்தக் கட்டில் ஒண்ணு. நாற்காலில உக்காந்து செய்யறது ஒண்ணு. தரையில பாய் போட்டுச் செய்யறது ஒண்ணு. எது நல்லது, எது கெட்டதுன்னு இல்ல. உங்களுக்கு எது செய்ய முடியலயோ அதப் பாத்துத்தான் எடுக்கணும். சொல்லுங்க, என்ன முடியல?"

விழுந்ததைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். உள்பாவாடை ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டேன்.

"முதுகு வலி" என்றேன்.

"கட்டில்ல கொஞ்சம் படுத்துப் பாக்கறீங்களா?"

மறுக்கத் தெரியாமல் போய்ப் படுத்தேன். படுத்த உடனே பலகை நகர்ந்தது. குளியலறையில் கால் போன அதே வழுக்கல். நான் போட்ட சத்தத்தில் கீழே கடைப் பையன் படியேறி வந்து எட்டிப் பார்த்தான்.

"சரி, கட்டில் வேணாம்" என்றாள் ஆசிரியை. "நாற்காலியா, பாயா?"

"நாற்காலி" என்றேன், அவள் சொல்லி முடிப்பதற்குள்.

நாற்காலிப் பிலாட்டீஸ் எனக்கு நன்றாகவே வந்தது, பொய் சொல்லக்கூடாது. மூக்கால் மூச்சை இழுக்கும்போது விலா இரண்டு பக்கமும் விரிய வேண்டும். வாயால் விடும்போது தொப்புளை முதுகுப் பக்கம் இழுக்க வேண்டும். முதலில் மூச்சை விடவே மறந்துபோவேன். பிறகு பழகியது. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்தேன். ஆசிரியை கை தட்டினாள். வீட்டில் மகளுக்கும் செய்து காட்டினேன்.

"நல்லாதான்மா இருக்கு" என்றாள். பிறகு, "குளிக்கப் போறப்ப நா வாசல்லயே நிக்கறேன்" என்றாள். எப்போதும் போல நின்றாள். தேர்ச்சி பெற்றது நாற்காலியில்தான். உள்ளே சோப்பு கையிலிருந்து நழுவினால், இன்னும் அதைக் குனிந்து எடுக்காமல் காலால் ஓரம் தள்ளிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் வகுப்பு முடிந்து கிளம்பும்போது என் கைக்குட்டை கீழே விழுந்தது. பார்த்தேன். பார்க்காதது போல நடந்தேன்.

"அக்கா, கைக்குட்டை."

"பரவால்ல, பழசுதான்."

கடைக்கார அம்மாள் அதை எடுத்துத் தரவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். "போன வாரம் சாவிக்கொத்து விழுந்துச்சு. மக வர்ற வரைக்கும் அதுகிட்ட காவல் நின்னீங்க. முதுகு வலிக்கறவங்க முதுகப் பிடிப்பாங்க. நீங்க செவுத்தப் பிடிக்கறீங்க. விழுந்தீங்களாக்கா?"

தலையை மட்டும் ஆட்டினேன். பிறகு அழுதேன். குளியலறை, குழாய், பக்கத்து வீட்டுப் பையன்கள், எல்லாம் வெளியே வந்தது. உள்பாவாடையையும் சொல்லிவிட்டேன். அந்த அம்மாள் முகத்தைச் சுளிக்கவில்லை. "நானா இருந்தா செத்தாலும் கூப்பிட மாட்டேன்" என்றார். அது எனக்கு எவ்வளவு ஆறுதல் என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

ஆசிரியை கிட்டே வந்து உட்கார்ந்தாள். "ஏன் ஆண்டி முன்னமே சொல்லல? நாற்காலி செஞ்சா நாற்காலிதான் பழகும். தரை பழகாது. உங்களுக்குப் பாய்தான்."

"வேணாம்மா. என்னால ஆகாது."

"இன்னிக்கி இல்ல. மெதுவா."

அடுத்த வகுப்பில் பாய்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டில் உயரத்துக்கு வைத்திருந்தாள். அதில் படுத்து எழுந்தேன். வாரம் போகப் போக அடுக்கிலிருந்து பாயை எடுத்துக்கொண்டே வந்தாள். அடுக்கு இறங்க இறங்க எனக்கு முந்தின நாளே சோறு இறங்காது. மகளிடம் தலை சுற்றுகிறது என்று சொல்லிப் பார்த்தேன். "காடியில போனா சரியாப் போயிரும், ஏறும்மா" என்று கார்க் கதவைத் திறந்தாள். கிறிஸ்மஸ் கிட்டே வந்துகொண்டிருந்தது. தானா ராத்தாக் கடைகளில் நட்சத்திரம் தொங்கவிட்டிருந்தார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் கிராணியின் தொப்பிதான் ஞாபகம் வந்தது.

ஒற்றைப் பாய் மட்டும் கிடந்த அன்று மகளும் மேலே வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தாள். நான் நாற்காலியைப் பிடித்து, ஒரு முழங்கால் ஊன்றி, இன்னொன்று ஊன்றி, கீழே போய்ப் படுத்தேன். கூரையில் ஈரம் படிந்த மஞ்சள் கறை ஒன்று தெரிந்தது. எங்கள் குளியலறைக் கூரையிலும் அதே மாதிரி ஒன்று உண்டு. அவ்வளவுதான். காதில் குழாய் சொட்டத் தொடங்கியது. மூச்சு உள்ளே போகவில்லை. கை கால் எல்லாம் யாருடையதோ போல ஆனது.

"தூக்கிவிடு" என்றேன். சத்தம் வந்ததா என்றுகூடத் தெரியவில்லை.

மகள் பாய்ந்து வந்தாள். கடைக்கார அம்மாள் குறுக்கே நின்று அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். "இரு பிள்ள. நீ தூக்கினா நாளைக்கும் நீதான் தூக்கணும்."

நான் ஆசிரியையைப் பார்த்தேன். அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். கை கழுவிவிட்டாள் என்று நினைத்தேன். எனக்குக் கோபம் வந்தது. இந்த வயதில் என்னைத் தரையில் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்கிறாளே என்று வந்த கோபத்தில் மூச்சும் வந்துவிட்டது.

"மூச்ச விடுங்க ஆண்டி. முழங்கால மடக்குங்க. ஒருக்களிச்சுப் படுங்க. அவசரமே இல்ல, தரை எங்கயும் போவாது."

ஒருக்களித்தேன். மேல் கையை முன்னால் ஊன்றித் தள்ளினேன். குழந்தை தவழ்வது போல நான்கிலும் நின்றேன். அங்கே வெகுநேரம் நின்றேன். வியர்வை மூக்கிலிருந்து பாயில் சொட்டியது. பிறகு ஒரு காலை முன்னால் வைத்து, தொடையில் கையை ஊன்றி, சரிவில் மேல்வரிசைக்கு ஏறும்போது எழுவது போல எழுந்தேன். எழுந்ததும் யாரையும் பார்க்க வெட்கமாக இருந்தது. ஓரமாகப் போய்ச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டேன். பின்னால் மகள் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது.

"அடுத்த வாரம் கட்டில்லயும் ஒரு தடவ இழுத்துப் பாப்போமாக்கா?" என்றார் கடைக்கார அம்மாள்.

"நீங்களே ரொட்டியா இருங்க" என்றேன். அந்த வகுப்பில் நான் சொன்ன முதல் கேலி அதுதான்.

மகள் வேலைக்குத் திரும்பிய காலையில் பனி ஜன்னல்வரை இறங்கியிருந்தது. அவள் போனாள், திரும்பி வந்தாள், குளியலறையில் ரப்பர் விரிப்பைக் காலால் அமுக்கிப் பார்த்தாள், மறுபடி போனாள். அவளை ஏற்றிக்கொண்ட லோரி வளைவில் திரும்பும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. குழாயைப் போய்ப் பார்த்தேன். சொட்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். உட்கார உட்காரப் பயம் கூடியது. இப்படியே சாயங்காலம்வரை உட்கார்ந்திருக்க முடியாது என்று பட்டது. எழுந்து முன்னறையில் பாயை விரித்தேன். ஆண்டவரே என்று சொல்லிக்கொண்டு இறங்கிப் படுத்தேன். படுத்த நேரம் பார்த்துப் பக்கத்தில் வைத்திருந்த போன் அடித்தது. தொழிற்சாலையில் காலைத் தேநீர் நேரம்.

"ம்மா, எங்க இருக்க?"

"கீழ."

அந்தப் பக்கம் இயந்திரம் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"கீழன்னா? ம்மா! கீழன்னா என்னா? விழுந்துட்டியா? நா வர்றேன், இரு..."

"பாயிலடி. நாந்தான் படுத்தேன்."

"அய்யோ, உசிரே போச்சு! எந்திரி மொதல்ல."

"எந்திரிக்கத்தான் போறேன். நீ பேசிக்கிட்டே இருந்தா எப்படி? போன வை."

"வைக்க மாட்டேன். எந்திரி. நா கேட்டுக்கிட்டே இருக்கேன்."

போனைப் பாயின் ஓரத்தில் வைத்தேன். முழங்காலை மடக்கினேன். ஒருக்களித்தேன். கையை ஊன்றினேன். கீழே கிடந்த போனிலிருந்து "ம்மா... ம்மா..." என்று சின்னதாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. மூச்சு வாங்கியதால் பதில் சொல்ல முடியவில்லை. ஒரு காலை முன்னால் வைத்தேன். எழுந்து நின்றேன். பிறகு, போன் இன்னும் தரையில்தான் கிடக்கிறது என்பதைப் பார்த்தேன்.

குனிந்து எடுத்தேன்.

"நின்னுட்டேன்" என்றேன். "போ, டீ ஆறிடும்."