சிவப்பு வயர் அட்டியல்

என் வாழ்க்கையில் நான் எடுத்த முதலாம் பரிசு ஒன்றே ஒன்றுதான். ஓட்டத்தில் எடுத்ததில்லை, பாட்டில் எடுத்ததில்லை, கணக்கில் கேட்கவே வேண்டாம். ஆனால் அந்த ஒன்றைப் பற்றி நான் பேசத் தொடங்கினால், வீட்டுக்கு வந்த ஆட்கள் பாதித் தேத்தண்ணியோடு எழும்பப் பார்ப்பார்கள். எழும்பட்டும். மணி நகைப் போட்டியில் முதலாம் பரிசு என்றால் லேசுப்பட்ட காரியமா? அதுவும் கடையில் ஒரு மணிகூட இல்லாத காலத்தில்!

அப்போது எனக்குப் பத்து வயது. வலிகாமத்தில் ஒரு செம்மண் ஊர் எங்களுடையது. சண்டையால் கரண்ட் நின்று ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. கரண்ட் மட்டுமா? சவர்க்காரம், பற்றரி, மண்ணெண்ணெய் என்று கடையில் இருந்ததெல்லாம் ஒவ்வொன்றாக வராமல் போய்விட்டது. அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் ஊர் வாசிகசாலைக்காரர் பிள்ளைகளுக்குக் கைப்பணிப் போட்டி வைத்தார்கள். பெடியன்களுக்கு மரவேலை, பெட்டையளுக்கு மணி நகை. நகை முழுக்கத் தன் கையால் செய்ததாக இருக்கவேண்டும், ஊரில் கிடைக்கும் பொருளால் செய்ததாக இருக்கவேண்டும் என்று வாசிகசாலைப் பலகையில் எழுதிப் போட்டிருந்தார்கள். அதை எழுதியவருடைய துணிச்சலை இன்றைக்கும் மெச்சுகிறேன்.

பக்கத்து வளவு மாமி வீடு. மாமியின் மகள், என் மச்சாள், என்னைவிட ஒரு வயது மூப்பு. எதிலும் முதலாம் ஆள் அவள்தான். போட்டி என்று அறிந்த மூன்றாம் நாளே மாமி வீட்டு அறை வாசலில் தொங்கிய கண்ணாடி மணித் திரை காணாமல் போய், அந்த இடத்தில் பழைய சீலை ஒன்று தொங்கியது.

“நீ என்னடி செய்யப்போறாய்? குண்டுமணியோ?” என்று மச்சாள் வேலிக்கு மேலால் கேட்டாள்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. “பொறுத்துப் பார்” என்றேன். எதைப் பொறுத்துப் பார்ப்பது என்று எனக்கே தெரியாது. ஆனால் அவள் வாயை ஒருநாளைக்காவது மூடவைக்காவிட்டால் நான் ஒரு பிறவியா என்று இருந்தது.

அப்பா வயரிங் வேலைக்காரர். எங்கள் ஊரில் முக்கால்வாசி வீடுகளுக்கு வயர் இழுத்தவர். கரண்ட் நின்றதும் கையிலிருந்த வயர் வெட்டும் குறட்டை வைத்துவிட்டு மண்வெட்டியை எடுத்து, வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணி கட்டப் போனார். ஆனால் ஊர்ச்சனம் அவரை விடவில்லை. தெருவில் கண்டால், “என்ன, கரண்ட் எப்ப வரும்?” என்று, அவர்தான் அதை மடியில் கட்டி வைத்திருப்பதுபோலக் கேட்கும். அப்பாவும் சளைக்காமல், “வரும், வரும்” என்பார். பின்னேரம் தோட்டத்தால் வந்ததும், கால் கழுவ முன்னம், முன் அறைச் சுவிச்சை ஒருதரம் போட்டுப் பார்ப்பார். டக். ஒன்றும் நடக்காது. திரும்ப நிப்பாட்டிவிட்டுக் கிணற்றடிக்குப் போவார். அம்மா முதலில் பகிடி பண்ணினார். பிறகு பிறகு அந்தச் சத்தம் கேட்டால்தான் அடுப்பில் தேத்தண்ணிக்குத் தண்ணி வைப்பார்.

அப்பாவிடம் ஒரு பிஸ்கற் பேணி நிறைய வயர்த் துண்டுகள் இருந்தன. ஒருநாள் சும்மா ஒரு துண்டை எடுத்துப் பிளேட்டால் சுற்றிவர வெட்டி இழுத்துப் பார்த்தேன். செம்புக் கம்பியிலிருந்து மேல்தோல் கழன்று வந்தது. அரிசியளவு, நடுவில் ஓட்டை, பளபளவென்று கறுப்பு. மணி! அப்பாவிடம் கேட்டேன். “எடு பிள்ளை. உந்தத் துண்டுகள் ஒண்டுக்கும் உதவாது” என்றார். மீன் கொண்டுவருபவரிடம் அம்மா கேட்டு, தூண்டில் போடும் தங்கூசி நூல் கொஞ்சம் வாங்கித் தந்தார். நான் வெட்டினேன், கோத்தேன், விரல் நுனியெல்லாம் கொப்புளம்.

கறுப்பு இருந்தது, பச்சை இருந்தது. இரண்டையும் கோத்துக் கழுத்தில் வைத்துப் பார்த்தால் செத்த வீட்டுக்குப் போட்டுக்கொண்டு போகலாம் போலிருந்தது. சிவப்பு வேண்டும். கழுத்தோடு ஒட்டிய அட்டியல், அதன் நடுவில் சிவப்பாக ஒரு பதக்கம், இரண்டு பக்கமும் சிவப்பும் கறுப்பும் மாறி மாறி என்று கொப்பியில் கீறி வைத்திருந்தேன். அப்பா அதை எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

“சிவப்பையும் கறுப்பையும் ஒட்ட விடாதை பிள்ளை. நடுவிலை பச்சை போடு.”

“ஏனப்பா?”

“ரெண்டும் தொட்டால் பியூஸ் போகும்.”

மாலைக்கு எங்கே பியூஸ் இருக்கிறது? ஆனால் அப்பா இந்த விஷயத்தில் மட்டும் பகிடி விடமாட்டார். சரி என்று ஒவ்வொரு சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையில் ஒரு பச்சை கீறினேன். கீறி என்ன? பேணியைக் கவிழ்த்துக் கொட்டித் தேடியும் ஒரு துண்டுகூடச் சிவப்பு இல்லை. “சிவப்பு மிஞ்சாது. சுவிச்சுக்குப் போறதும் அதுதான், வாறதும் அதுதான்” என்றார் அப்பா.

அவர் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. எங்கள் முன் அறைச் சுவிச்சிலிருந்து சுவரோடு மேலே போய், கூரை வளை மரத்தின்மேல் படுத்திருந்த சிவப்பு வயரை நான் அதுவரைக்கும் கவனித்ததே இல்லை. அதற்குப் பிறகு சாப்பிடும்போதும் அதுதான் கண்ணில் பட்டது, படிக்கும்போதும் அதுதான். அப்பா தோட்டத்திலும் அம்மா சங்கக்கடை வரிசையிலும் நின்ற ஒரு மத்தியானம், மேசையின்மேல் கதிரையை வைத்து ஏறி, அப்பாவின் குறட்டாலேயே இரண்டு முழம் நறுக்கி எடுத்தேன். அறுந்த முனைகள் இரண்டையும் மரத்துக்குப் பின்னால் செருகிவிட்டேன். கரண்ட்தான் இல்லையே, ஆருக்கு என்ன நட்டம் என்று எனக்கு நானே நியாயமும் சொல்லிக்கொண்டேன்.

பின்னேரம் அப்பா வந்தார். டக். ஒன்றும் நடக்கவில்லை. கிணற்றடிக்குப் போனார். அப்பாடா என்று மூச்சு விட்டேன். விட்ட மூச்சு முடியவில்லை, அடுத்த யோசனை வந்தது. கரண்ட் வந்தால்? ஊரெல்லாம் லைற் எரியும். எரிய வைத்தவர் வீடு மட்டும் இருண்டு கிடக்கும். “வயரிங்காரன்ரை வீட்டிலை லைற் எரியேல்லையாம்” என்று வேலிக்கு வேலி சிரிப்பார்கள். அப்பா முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பார்? சிவப்பெல்லாம் அதற்குள் மணியாகிவிட்டிருந்தது. மணியைத் திரும்ப வயராக்க ஏலுமா?

ஒழுங்கைப் பிள்ளையாரிடம் போனேன். ஊர் முழுக்கக் கரண்ட் வரவேண்டும் என்று நேர்ந்துகொண்டிருந்த காலத்தில், “வராமல் பாத்துக்கொள், தேங்காய் உடைக்கிறன்” என்று நேர்ந்த ஒரே பாவி நானாகத்தான் இருக்கும்.

போட்டிக்கு ஒரு கிழமை இருக்கும்போது, ரவுணுக்குப் போய்வந்த ஒருவர் செய்தி கொண்டுவந்தார். அடுத்த மாதம் கரண்ட் வருகுதாம்! ஊரே துள்ளியது. அப்பா மறுநாளே ஏணியைச் சாத்திக்கொண்டு எங்கள் வீட்டு லைன் முழுக்கப் பார்க்கத் தொடங்கினார். நான் குசினிக் கதவுக்குப் பின்னால் ஒளித்து நின்று, கும்பிடாத தெய்வமில்லை. முன் அறை வளையடியில் அவர் கனநேரம் நின்றார். இறங்கி வந்தார், தலையிலிருந்த தூசியைத் தட்டினார்.

“எப்பிடி இருக்கு?” என்று அம்மா கேட்டார்.

“எல்லாம் சரி.”

அப்பாவுக்குக் கண் மங்கத் தொடங்கிவிட்டது என்று நினைத்தேன். பிள்ளையாருக்கு இன்னொரு தேங்காய் நேர்ந்தேன்.

அந்தக் கிழமை எனக்கு அநியாயமாக ஒரு குட்டு விழுந்தது. அம்மாவின் தையல் பெட்டியில் சிவப்பு நூல் பாதியாகியிருந்தது. நூலும் கிடைக்காத காலம். “எடியே, மாலை கோக்கிறன் எண்டு என்ரை நூலை முடிச்சுப்போட்டாய், என்ன?” நான் எடுக்கவில்லை என்று சத்தியம் பண்ணினேன். கள்ளி சத்தியம் பண்ணினால் யார் நம்புவார்கள்? இன்னொரு குட்டு விழுந்தது. அப்பா தேத்தண்ணிக் கோப்பைக்குள் குனிந்தபடி இருந்தார், நிமிரவே இல்லை.

கரண்ட் வரவில்லை. போட்டி நாள் வந்தது. வாசிகசாலை மண்டபத்தில் வெள்ளைச் சீலை விரித்த மேசையில் பதினொரு நகைகள். தேங்காய்ச் சிரட்டையைத் தேய்த்துச் செய்த தோடு, மஞ்சாடி விதை மாலை, பனங்கீற்றுச் சங்கிலி. ஒரு பிள்ளை கடற்கரையில் பொறுக்கிய சின்னச் சின்னச் சோகிகளை ஓட்டை போட்டுக் கோத்து ஒரு ஒட்டியாணம் செய்திருந்தாள். நடந்தால் கலகலக்கும். அதற்கு மூன்றாம் பரிசு. மச்சாளின் கண்ணாடி மாலை மூன்று வடம், நீலமும் வெள்ளையும். யன்னல் வெளிச்சம் பட்டபோது, பொய் சொல்லக்கூடாது, எனக்கே கண் கூசியது.

ஊரில் எல்லோருக்கும் தையல் படிப்பித்த ரீச்சர்தான் நடுவர். கால் உடைந்த மூக்குக்கண்ணாடியை நூலால் காதில் கட்டியிருப்பார். என் அட்டியலைத் தூக்கி, தடவி, முகர்ந்தும் பார்த்தார்.

“இது என்ன மணி?”

“வயர், ரீச்சர். வெட்டினது.”

சனம் சிரித்தது. ரீச்சர் சிரிக்கவில்லை. “எங்கை எடுத்தனீ?”

அப்போதுதான் வாசலில் அப்பா நிற்பதைக் கண்டேன். தோட்டத்தால் நேரே வந்திருந்தார். காலெல்லாம் செம்மண். “அப்பாவின்ரை பேணியிலை. மிச்சத் துண்டுகள்” என்றேன்.

ரீச்சர் அப்பாவைப் பார்த்தார். “அப்பிடியே?”

“ஓம் ரீச்சர். மிச்சத் துண்டுகள்தான். நான்தான் எடுக்கச் சொன்னனான்.”

ரீச்சர் மேசையைச் சுற்றி இன்னொரு தரம் நடந்துவிட்டு வந்து சொன்னார்: “மற்றப் பிள்ளையள் மணியைக் கோத்திருக்கினம். இந்தப் பிள்ளை மணியையே செய்திருக்கிறாள். சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவிலை ஒரு பச்சையை வைச்சிருக்கிறாள் பாருங்கோ. இந்தக் கண் எல்லாருக்கும் வராது.”

பியூஸ் போகாமலிருக்க வைத்தது என்று சொல்ல வாய் உன்னியது. அடக்கிக்கொண்டேன். புகழ் வரும்போது இடையில் கதைக்கக்கூடாது என்பது எனக்குப் பத்து வயதிலேயே தெரிந்திருந்தது.

முதலாம் பரிசு எனக்கு. ஒரு வாசச் சவர்க்காரமும் ஒரு கொப்பியும்! இரண்டாம் பரிசு வாங்க வந்த மச்சாள், “வடிவாத்தானடி இருக்கு” என்றாள். அவள் வாயிலிருந்து அது வந்ததற்கு இன்னொரு சவர்க்காரமே தரலாம். அப்பா அட்டியலை வாங்கி, பதக்கத்தின் சிவப்பு மணிகளை ஒவ்வொன்றாக விரலால் உருட்டிப் பார்த்தார். பிறகு நான் செம்புக் கம்பியால் செய்த கொக்கியைப் பார்த்தார். “நல்லாய் முறுக்கியிருக்கிறாய்” என்று சொல்லி என் கழுத்தில் பூட்டிவிட்டார்.

வீட்டுக்கு ஐந்து நிமிடப் பாதை. அப்பா என்னைச் சைக்கிள் பாரில் இருத்தி, சந்தையைச் சுற்றி, கோயிலைச் சுற்றி, பெரிய வீதியால் கொண்டுபோனார். வழியில் ஒருவர் வழக்கம்போல, “என்ன, கரண்ட் எப்ப வரும்?” என்றார். “உதை விடு. என்ரை மகள் முதலாம் பரிசு, தெரியுமோ?” என்றார் அப்பா. ராசாத்தி மாதிரி நிமிர்ந்து இருந்தேன். அன்றைக்கு எங்கள் ஊரில் என்னைவிட உயரமான ஆள் ஒருவரும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும், டக். என் உயரமெல்லாம் அதோடு இறங்கிவிட்டது.

அம்மா சவர்க்காரத்தைச் சீலைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். முகம் கழுவ ஒருநாளும் தரவில்லை. அதற்குப் பிறகும் நான்கு வருடம் அப்பா சுவிச்சைப் போட்டார், நான் பிள்ளையாரை மன்றாடினேன். பிள்ளையாரும் சொன்ன சொல் தவறவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஜாம் போத்தல் விளக்கில் படித்துக் கண் நோகுது என்று சொல்லும்போதெல்லாம், அவ்வளவும் என்னால்தான் என்று குறுகிப்போவேன். பிறகு ஊரோடு இடம்பெயர்ந்து சாவகச்சேரிப் பக்கம் போய்க் கிடந்தோம். அம்மா நகைப் பொட்டலத்தோடு அட்டியலையும் முடிந்து கொண்டுவந்தார்.

திரும்பி வந்து, வீட்டைக் கூட்டிக் கழுவி, கூரையில் பறந்துபோன ஓடுகளையும் போட்டபிறகு, ஒருநாள் பின்னேரம் மெய்யாகவே கரண்ட் வந்தது. தூரத்தில் பிள்ளைகள் கூவும் சத்தம் கேட்டது. அப்பா என்னைக் கூப்பிட்டார்.

“நீ போடு பிள்ளை.”

இந்த வயதில் அழுது ஒப்புக்கொள்வதா, சுவிச்சைப் போட்டு மானத்தை வாங்குவதா? கண்ணை மூடிக்கொண்டு போட்டேன். டக்.

அம்மா, “என்ரை தாயே” என்று கையெடுத்துக் கும்பிட்டார். கண்ணைத் திறந்தால் முன் அறை மஞ்சளாகக் கிடந்தது. கரண்ட் வந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. அந்த லைற் எப்படி எரிந்தது? மேசையின்மேல் கதிரையை வைத்து ஏறினேன். வளை மரத்தின்மேல் சிவப்பு வயர் வந்து, இரண்டு முழத்துக்குக் கறுப்பாகி, திரும்பச் சிவப்பாகிப் போனது. மூட்டு இரண்டிலும் சிவப்பு நூல், நெருக்கமாக, இழை பிசகாமல் சுற்றியிருந்தது.

அப்பா கீழே கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றார். “சிவப்பு வயர் இல்லையெல்லோ. கறுப்பைப் போட்டு நூல் சுத்தினால், பிறகு பாக்கிறவனுக்கு அது சிவப்பெண்டு விளங்கும்” என்றார்.

“அப்ப என்ரை நூலை எடுத்தது நீங்களோ?” என்று அம்மா இடுப்பில் கை வைத்தார். “அநியாயத்துக்குப் பிள்ளைக்கெல்லோ குட்டினனான்!”

அப்பா கதிரையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். நிமிரவே இல்லை. வாசிகசாலை மண்டபத்தில், தையல் ரீச்சருக்கு முன்னால், அன்றைக்கு ‘மிச்சத் துண்டுகள்’ என்று பொய் சொன்னது நான் ஒருத்திதான் என்று அவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.