எட்டாம் நாள் வந்த குரல்

அறுபதுகளின் கடைசிப் பகுதி. சாவகச்சேரிக்குக் கிழக்கே, வயல்களை அடுத்த ஒரு சிற்றூரில் குடியிருந்தோம். என் கணவர் இறந்த எட்டாம் நாள் நடந்ததை இப்போது சொன்னால் சிலர் சிரிப்பார்கள். அன்று எங்கள் முற்றத்தில் நின்ற எவரும் சிரிக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் எட்டுச் செலவு அன்று, இறந்தவருக்கு விருப்பமானதெல்லாம் சமைத்து வாழையிலையில் படைத்து, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நிற்போம். அவர் வந்து சாப்பிட்டுப் போவார் என்று நம்பிக்கை. நண்டுக் குழம்பு, முருங்கைக்காய்க் கறி, டாக்குத்தர் தடுத்திருந்த சுருட்டு, எல்லாம் வைத்துக் கதவைச் சாத்தினோம். நல்ல மதியம், வெயில் எரித்தது. அப்போது என் கணவரின் குரல் கேட்டது.

"பத்து வருடமாகத் தொய்வால் நித்திரையில்லாமல் கிடந்தேன். இந்த மருந்தைக் குடித்தேன். இப்போது பூரண சுகம்."

மாமி, அவரைப் பெற்றவர், கும்பிட்டபடி அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். கொட்டிலில் படுத்திருந்த பசு எழுந்து, கயிற்றை இழுத்துக்கொண்டு கத்தியது. அவர் கை வைத்தால் மட்டும் பால் விடுகிற பசு அது. குரல் வேலியோரமாக நகர்ந்து, இன்னொரு தடவை அதையே சொல்லிக்கொண்டு கோயில் பக்கமாகத் தேய்ந்து போனது. ஆனால் அது என்ன என்று அங்கே எனக்கு மட்டும் தெரியும். நான் போய்ப் பசுவின் கயிற்றைப் பிடித்தேன்.

தொய்வு என்றால் மூச்சை இழுத்துப் பிடிக்கிற வருத்தம். சூடு மிதித்து நெல் பிரிக்கிற காலத்தில் வைக்கோல் தூசு பட்டால் அவர் விடிய விடிய உட்கார்ந்தே இருப்பார். ஆஸ்பத்திரி மருந்தில் ஓரளவு சமாளித்தார். அப்போதுதான் போத்தல் மருந்து விற்கிற ஒருவர் வந்தார். முதல் போத்தலில் கொஞ்சம் குறைந்தது உண்மை. நல்லதாக ஒரு கடிதம் தந்தால் ஆறு போத்தல் இலவசம் என்றார். என் எழுத்தில் எனக்குப் பெருமை அதிகம், நானே எழுதினேன். "ஓரளவு குறைந்துள்ளது" என்ற வரியைப் பார்த்து விற்க வந்தவர் உதட்டைப் பிதுக்கினார். அதை வெட்டிவிட்டு "பூரண சுகம்" என்று போட்டேன்.

பிறகு கம்பனிக்காரர் எங்களை யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிப்போய், ஒரு பூட்டிய அறையில், குரலைப் பதிகிற ரேப் ரெக்கோடருக்கு முன்னால் அவரை அதை வாசிக்கவைத்தார்கள். ஒருநாளும் அப்படிச் செந்தமிழில் கதைத்தவரல்ல அவர். "இப்போது" என்றதும் இருமல் வந்துவிட்டது. மெசினை நிறுத்தினார்கள். நான் தண்ணீர் கொடுத்தேன். மிச்சத்தை வாசித்தார்.

அதற்குப் பிறகு அவர் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. அந்தக் குரலைக் காரில் ஊரூராகப் போடப்போகிறார்கள். அப்படிச் சொன்னவரே மருந்து வரிசையில் நின்றால் கேலி செய்வார்கள் என்று வெட்கப்பட்டார். நானும் வற்புறுத்தவில்லை. ஊருக்கு எழுதிய பொய்யை நாங்களே நம்பத் தொடங்கியிருந்தோம். மூன்றாவது போத்தல் முடியுமுன் போய்விட்டார்.

எட்டுச் செலவன்று பின்னேரம், வேலிக்கு அந்தப் பக்கம் குடியிருந்த அடுத்த வளவுப் பெண் வந்தாள். அவளுடைய ஒன்பது வயது மகளுக்கும் தொய்வு. "அக்கா, அண்ணை செத்தும் என்ரை பிள்ளைக்கு வழி காட்டிப்போட்டார்" என்று அழுதாள். ஆஸ்பத்திரிக் குளிசை மாத்திரையை நிறுத்திவிட்டு அந்த மருந்தை வாங்கிவிட்டாளாம். ஒலிபெருக்கி கட்டிய கார் போனதைத் தன் வளவிலிருந்து அவளும் கண்டவள்தான். "ஓம், கார்தான். கதவு சாத்தின நேரம் பாத்து ஏன் வந்தது?" என்று கேட்டாள்.

உண்மையைச் சொல்லாமல், என் பெயர் கெடாமல் அந்த விளம்பரத்தை நிறுத்த வழி தேடினேன். தீட்டுக் கழியாத துடக்கு வீட்டுக்காரி வெளியே போகக்கூடாது என்று மாமி தடுத்தும் கேட்காமல், மறுநாளே சாவகச்சேரிக்குப் போனேன். காரிலிருந்து வீசிய, அதே கடிதம் அச்சடித்த நோட்டீசை, வழக்குப் பேசுகிற ஒரு பிரக்கிராசியாரிடம் நீட்டி, பொய் விளம்பரத்துக்கு வழக்குப் போடலாமா என்று கேட்டேன்.

அவர் பொறுமையாக வாசித்தார். "உலகத்திலை சிறந்த மருந்து எண்டால் அது வியாபாரப் பேச்சு, வழக்கு நிக்காது. இத்தினை நாளிலை சுகம் வரும் எண்டு கம்பனி உறுதி சொல்லியிருந்தால் பாக்கலாம், பிள்ளை. இதிலை கம்பனி ஒண்டும் சொல்லேல்லை. எல்லாம் ஒரு மனிசன்தான் சொல்லுறார். முதல் அவரைக் கொண்டுவாருங்கோ."

"அவர் செத்துப்போனார்."

கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப இதை எழுதிக் குடுத்தது ஆர்?"

நான் எழுந்து வந்துவிட்டேன்.

பஸ்ஸால் இறங்கி எங்கள் குறுகிய ஒழுங்கைக்குள் திரும்பியபோது, அடுத்த வளவில் அந்தப் பிள்ளையின் மூச்சு வேலிக்கு வெளியே கேட்டது. பத்து வருடம் பக்கத்தில் படுத்துக் கேட்ட அதே சத்தம். அந்த நேரம் பார்த்துச் சந்தியில் கார் திரும்பியது.

ஒழுங்கைக்கு நடுவே போய் நின்றேன். கார் நின்றது, குரல் நிற்கவில்லை. தாய் வாசல் படலையடிக்கு ஓடி வந்து கும்பிட்டாள். "தங்கச்சி, இது நான் எழுதினது. பொய்" என்றேன். அவள் என்னைப் பார்க்கவேயில்லை. ரேப் மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. நான் ஒவ்வொரு வரியையும் அவருக்கு முந்திச் சொன்னேன். செத்துப்போன மனிதர் எனக்குப் பின்னால் அதையே திருப்பிச் சொன்னார்.

"'இப்போது' எண்டதும் 'டிக்' எண்டு ஒண்டு கேக்கும்" என்று கத்தினேன். "அதிலை அவர் இருமினவர். வெட்டிப்போட்டாங்கள்."

"இப்போது" என்றார்.

கேட்டது. பிறகு, "பூரண சுகம்" என்றார்.

அவள் கைகளை இறக்கினாள். உள்ளே போய்ப் பிள்ளையைத் தூக்கிவந்து, அந்தக் காரிலேயே ஏறி ஆஸ்பத்திரிக்கு விடச் சொன்னாள். பதற்றத்தில் சாரதி ஒலிபெருக்கியை நிறுத்த மறந்துவிட்டான். மூச்சுக்குத் தவிக்கிற பிள்ளையை ஏற்றிக்கொண்டு, "பூரண சுகம், பூரண சுகம்" என்று சொல்லிச் சொல்லியே அந்தக் கார் ஓடியது.

பிள்ளை பிழைத்தாள். தாய் என்னோடு கதைக்க நெடுநாள் ஆனது. எனக்கு அது வேண்டியதுதான். அந்தக் கார் பிறகு எங்கள் ஊருக்கு வரவில்லை. அது வராததற்கும் நான் அழுதேன், மறைக்கமாட்டேன். அவருடைய குரல் வேறு எங்கேயும் இல்லையே.

இப்போதும் எந்த விளம்பரத்தைக் கேட்டாலும் என் காது அந்த 'டிக்' சத்தத்தைத்தான் தேடுகிறது. அந்த இடத்தில் யாரோ ஒருவர் இருமியிருப்பார், எழுதிக் கொடுத்த ஒருத்தி பக்கத்தில் தண்ணீர்ச் செம்போடு நின்றிருப்பாள்.