தகடா, கம்பியா

அறுவை அரங்கில் அவளுக்குப் பெட்டியம்மா என்று பெயர். எலும்பு அறுவைக்கான தகடுகள், திருகாணிகள், கம்பிகள் எல்லாம் அடங்கிய எஃகுப் பெட்டிகள் இருபத்திரண்டு வருடமாக அவள் பொறுப்பில்தான் இருந்தன. எந்த டாக்டருக்கு அடுத்து என்ன வேண்டும் என்பது அவர் கை நீட்டும் முன்பே அவளுக்குத் தெரியும். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இரண்டாம் தடவைதான் திரும்பிப் பார்ப்பாள்.

அவளுடைய தம்பி வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவன். நாற்பத்தாறு வயதிலும் வாய் ஓயாதவன். ஒரு செவ்வாய்க்கிழமை காலை சாரத்துப் பலகை நழுவி, மாடி உயரத்திலிருந்து கீழே விழுந்தான். ஸ்ட்ரெச்சரில் வந்தவன் அக்காவைப் பார்த்து, "ஒரு மூலை விட்டுப்போச்சுன்னு எட்டினேன்க்கா" என்றான். அதற்கு மேல் வலி அவனைப் பேச விடவில்லை.

இடது தொடை எலும்பு இடுப்புக்குச் சற்றுக் கீழே உடைந்திருந்தது. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு தடவை பார்த்தாள். அந்த இடத்து முறிவு பெரும்பாலும் வெளிப்பக்கம் மேலே தொடங்கி உட்பக்கம் கீழே இறங்கும். வெளியே தகடு வைத்து, இடுப்புக் குழியில் பொருந்தும் பந்து போன்ற எலும்புத் தலைக்குள் பெரிய திருகாணியை ஏற்றினால் போதும்; நடக்க நடக்க இரண்டு துண்டும் நெருங்கி இறுகும். தம்பிக்கோ முறிவுக் கோடு தலைகீழாகச் சரிந்திருந்தது. இப்படிப்பட்ட முறிவில் அதே பாரம் துண்டுகளை விலக்கிவிடும். எலும்பின் நடுத்துளை வழியாக நீளக் கம்பியை இறக்கிப் பூட்டினால்தான் தாங்கும். இதை அவள் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. தகடு பிடுங்கிக்கொண்டு திரும்பி வந்த நான்கு பேரை அதே மேஜையில் பார்த்திருக்கிறாள்.

பெரிய டாக்டருக்குக் கை பழகியது தகடுதான். சின்ன டாக்டர் கம்பி போடலாமே என்று சொல்லிப் பார்த்தார். பெரியவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சின்னவர் அவளிடம் வந்து, நீங்கள் சொன்னால் கேட்பார், ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றார். அவள் புருஷன் செத்த வருடம் அவளுக்கு இந்த வேலையைப் போட்டுக் கொடுத்தவர் பெரிய டாக்டர். அவர் அறைக்குப் போகும் மாடிப்படி முழுக்க அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிப் பழகிக்கொண்டே ஏறினாள். அவள் வாயைத் திறப்பதற்குள் அவரே, "உன் தம்பிக்கு நானேதான் பண்றேன்மா, கவலைப்படாதே" என்றார்.

"சரிங்க டாக்டர்" என்றாள்.

மறுநாள் தகட்டுப் பெட்டியோடு கம்பிப் பெட்டியையும் கொண்டுவந்து வைத்தாள். பெரிய டாக்டர் கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டே, அது எதற்கு என்று கேட்டார். மயக்கத்தில் கிடந்த தம்பியின் விரல் நகங்களில் நீலப் பெயின்ட் இன்னும் போகவில்லை. "சும்மா, இருக்கட்டும்னு" என்றாள். அதைத் திரும்ப எடுத்து வைத்துவிடச் சொன்னார். எடுத்து வைத்தாள். பிறகு ஒவ்வொரு திருகாணியையும் அவளே அளந்து அவர் கையில் கொடுத்தாள்.

ஒன்பதாவது வாரம், தம்பி முகம் கழுவ நின்ற இடத்தில் அவன் தொடைக்குள் ஏதோ விட்டுப்போனது. திருகாணிகள் எலும்பைக் கிழித்துக்கொண்டு வந்திருந்தன. கால் இரண்டு விரற்கடை குட்டையாகியிருந்தது. இந்த முறை சின்ன டாக்டர் நான்கு மணி நேரம் போராடித் தகட்டைக் கழற்றிக் கம்பி இறக்கினார். புண்ணில் சீழ் வைத்தது. இரண்டு மாதம் ஊசியும் காய்ச்சலுமாகப் போயிற்று.

காய்ச்சல் விட்ட ஒரு பகலில் கட்டிலருகே உட்கார்ந்து அவள் சொன்னாள்: "எனக்கு முதல்லயே தெரியும்டா. தகடு நிக்காதுன்னு."

அவன் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினான். "தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"அவர் முகத்தைப் பார்த்ததும் வாய் வரல."

"அவர் முகத்தைப் பார்த்தே. என் காலைப் பார்க்கல" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஏழு மாதம் அவன் அவளோடு பேசவில்லை. தம்பி பெண்டாட்டி மட்டும் போனில் செய்தி சொல்வாள்: எலும்பு கூடிவிட்டது, ஊன்றுகோல் வந்துவிட்டது, ஏணி ஏறக் கூடாதென்று சொல்லிவிட்டார்கள்.

அந்த இடைவெளியில் அதே மாதிரி முறிவோடு ஒரு தையல்காரி வந்தாள். பெரிய டாக்டர் கத்தியை எடுத்ததும் பெட்டியம்மா எல்லோர் காதிலும் விழும்படி, "இதுக்குத் தகடு நிக்காது டாக்டர். என் தம்பிக்கு நிக்கல" என்றாள். அவர் கத்தியை வைத்துவிட்டு வெளியே போனார். கம்பியைச் சின்ன டாக்டர் இறக்கினார். தையல்காரி நடந்து வீட்டுக்குப் போனாள். அடுத்த வாரம் பெட்டியம்மாவைத் துணி வெளுக்கும் பகுதிக்கு மாற்றினார்கள். நீராவியில் நின்று போர்வை மடிக்கும் வேலை.

தம்பிக்கு இப்போது ஒரு பெயின்ட் கடையில் உட்கார்ந்து நிறம் கலக்கும் வேலை. இடது செருப்புக்குக் கனமான அடி வைத்துத் தைத்திருக்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் அவள் வீட்டுக்கு வந்தான். படியில் ஒவ்வொரு காலாக வைத்துச் சுவரைப் பிடித்து ஏறினான். மேலே நின்றவளுக்கு இறங்கிப் போய்க் கை கொடுக்கத் துணிவு வரவில்லை.

"சாப்பிட ஏதாவது இருக்கா?" என்றான்.

சோறு போட்டாள். சாப்பிட்டான். கடையைப் பற்றிக் கொஞ்சம் பேசினான். காலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மன்னித்துவிட்டானா என்று அவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.