காய்க் குவியலில் வைத்த கை

போடியில் ஏலக்காய் பொறுக்கப் போகிற பெண்களுக்கு விரல் நுனியில் ஒரு வாசனை ஒட்டிக்கொள்ளும். சோப்புப் போட்டாலும் போகாது. எங்கள் கிளை நூலகத்துச் செய்தித்தாள்களில் அந்த வாசனை இருந்தது. இங்கே யார் வந்து படிக்கிறார்கள் என்று மேலிடத்துக்குத் தெரிய வேண்டியிருந்தால், யாராவது வந்து பேப்பரை மோந்து பார்த்திருக்கலாம். யாரும் வரவில்லை.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். மிச்சப் படிப்பை அந்த ஒற்றை அறையில்தான் படித்தேன். ஐந்து மணிக்குக் கிட்டங்கியில், அதாவது ஏலக்காய்க் குடோனில், வேலை முடிந்ததும் ஏழெட்டுப் பேர் நேரே அங்கே போய்விடுவோம். நான் பேப்பரைச் சத்தமாகப் படிப்பேன், மற்றவர்கள் கேட்பார்கள். ‘அமைதி காக்கவும்’ என்று சுவரில் எழுதியிருக்கும். அதற்கு நேர் கீழேதான் எங்கள் இடம். நூலகர் என்னைவிட வயதில் சின்னவர். அவரை எல்லாரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். ஒருநாளும் எங்களை அதட்டியதில்லை.

கிட்டங்கியில் என் பக்கத்தில் உட்கார்ந்து காய் பொறுக்குகிற மதினிக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. ஆனால் பேப்பரில் நான் ஒரு வரி முடிப்பதற்குள் இரண்டு கேள்வி கேட்டுவிடுவார். ஒருநாள் நான் சலித்துக்கொண்டபோது சொன்னார்: “படிக்கிறவளுக்கு வாய்தான்டி வலிக்கும். கேக்குறவளுக்குத்தான் எல்லாம் மனசுல கெடந்து பெரளும்.” ஜனங்கள் சொல்லும் இந்த மாதிரி வார்த்தைகளை நோட்டில் எழுதி வைத்துக்கொள்வது என் பழக்கம். அந்த நோட்டில் பாதி மதினியுடையது.

அவருக்குத்தான் அந்தப் போன் வந்தது. பேங்கிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஒருவன் ஓடிபி கேட்டான், இவரும் சொல்லிவிட்டார். கணக்கில் இருந்தது அத்தனையும் போய்விட்டது. மறுநாள் பேப்பரில் வந்திருந்த எச்சரிக்கையை மூன்று தடவை படித்துக் காட்டினேன். அதோடு விட்டிருக்கலாம். எனக்கு வாய் நிற்காது.

எங்கள் கிட்டங்கியில் ஒரு வழக்கம். பொறுக்கிய காய்க் குவியலில் கை வைத்துச் சொன்ன சொல்லை மாற்றக் கூடாது. மாற்றினால் அந்தக் கைக்கு வேலை கிடைக்காது என்பது நம்பிக்கை. முதலில் நான் கை வைத்தேன், பிறகு ஒவ்வொருத்தியாக இழுத்து வந்து வைக்கச் சொன்னேன். யார் கேட்டாலும் ஓடிபி சொல்ல மாட்டோம் என்று சத்தியம்.

“புருசன் கேட்டா?” என்றாள் ஒருத்தி.

“சொல்லாத.”

“கலெக்டரே வந்து கேட்டா?”

“காப்பி போட்டுக் குடுத்து அனுப்பு. ஓடிபிய சொல்லாத.”

சிரித்துக்கொண்டேதான் கை வைத்தார்கள். ஆனால் வைத்தார்கள்.

சில மாதம் கழித்து நூலகத்துக்குப் பெரிய செல்போன் மாதிரி ஒரு டேப் வந்தது. வருகிறவர்கள் கையெழுத்துப் போட வாசலில் கிடந்த நோட்டை எடுத்துவிட்டார்கள். இனி வருகிறவர்கள் தினமும் செல்போன் நம்பர் சொல்ல வேண்டும். அதில் வரும் ஓடிபியைச் சொன்னால்தான் வந்ததாகக் கணக்கு.

“அக்கா, ஓடிபி வந்திருக்கும் பாருங்க. சொல்லுங்க” என்றார் டீச்சர்.

“வந்துச்சு டீச்சர். வந்தது எங்கிட்டயே இருக்கட்டும்” என்றேன்.

“இது பேங்க் இல்லக்கா, தலை எண்ணுறதுக்கு. தலை கொறஞ்சா கிளைய மூடிருவாக.”

“பேங்க்னு பேசுனவனும் இதேதான் டீச்சர் சொன்னான். சொல்லலேன்னா கணக்க மூடிருவேன்னான்” என்றார் மதினி.

எல்லாரும் சிரித்தோம். அதிலும் சத்தமாகச் சிரித்தது நான்தான்.

டீச்சர் விடவில்லை. தினமும் கேட்டார். நாங்களும் தினமும் போனோம், உட்கார்ந்தோம், படித்தோம், ஓடிபி மட்டும் சொல்லவில்லை. பேப்பர் பார்க்க வரும் நாலைந்து பெரியவர்களிடம் பட்டன் போன்தான் இருந்தது. அதில் மெசேஜைத் திறக்கவே அவர்களுக்குத் தெரியாது. கடைசியில் டீச்சர் தன் நம்பரையே போட்டுக்கொண்டார். ஒரு நம்பருக்கு ஒரு நாளைக்கு ஒரு தடவைதான். அறை நிறைய நாங்கள் உட்கார்ந்திருக்க, டேப் சொன்ன கணக்கு: ஒருவர்.

பிறகு உத்தரவு வந்தது. அன்றைக்கு நான் பேப்பர் படிக்கவில்லை, டீச்சர்தான் உத்தரவைப் படித்தார். வாசகர் வருகை இல்லாததால் கிளை மூடப்படுகிறது, புத்தகங்கள் வேறு கிளைக்குப் போகின்றன. வாசகர் வருகை இல்லை என்பதை எட்டுப் பேர் உட்கார்ந்து கேட்டோம்.

அதற்கப்புறம்தான் எனக்குப் புத்தி வந்தது. வீடு வீடாக ஓடினேன். “சொல்லிருங்கடி, நான் சொன்னது தப்பு” என்றேன். மதினி முகத்தைத் திருப்பிக்கொண்டார். “காய்ல கைய வைக்கச் சொன்னவளும் நீதான், எடுக்கச் சொல்றவளும் நீதான். ஒனக்கு எத்தன வாய்டி?” அதையும் நோட்டில் எழுதியிருக்கிறேன்.

காகிதத்தில் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினேன். மதினி கைநாட்டு வைத்தார். தேனிக்குப் பஸ் ஏறி மாவட்ட நூலக அலுவலகத்துக்குப் போவதற்குள் எங்கள் நூலகத்துக் கதவைப் பூட்டிவிட்டார்கள். அலுவலகத்தில் இருந்தவர் நல்ல மனிதர்தான், உட்காரச் சொன்னார். காகிதத்தை மட்டும் தொடவில்லை.

“நூலகத்த யாரும்மா மூடுனது? போனுக்குள்ள வந்திருச்சு. வீட்ல இருந்தே படிக்கலாம்.”

“அதுல சத்தமா யாரு சார் படிப்பா?”

“அதுவே வாசிக்கும்மா.”

“எங்க மதினி நடுவுல கேள்வி கேப்பாக. நிப்பாட்டிட்டுப் பதில் சொல்லுமா?”

அவர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, “மொதல்ல உங்களப் பதிவு பண்ணுவோம். நம்பர் சொல்லுங்க” என்றார்.

சொன்னேன். ஓடிபி வந்தது. ஆறு எண். காயில் கை வைத்த முதல் ஆள் நான். ஒவ்வொன்றாக வாசித்துச் சொன்னேன்.

மறுநாள் கிட்டங்கியில், போனில் வந்திருந்த மெசேஜை மதினியிடம் நீட்டினேன். “எனக்கென்ன தெரியும், படி” என்றார். சத்தமாகப் படித்தேன். உங்கள் வருகை பதிவு செய்யப்பட்டது, நன்றி. கீழே, பூட்டிக் கிடக்கும் எங்கள் கிளையின் பெயர்.

காயிலிருந்து கையை எடுக்காமல் மதினி கேட்டார்:

“எங்கன வந்ததா சொல்லுது?”