மொரேனாவின் விரல்களை நம்பிய எந்திரம்

இத்தாலியின் பிராட்டோவில் கம்பளிக் கந்தல் பிரிக்கிறவர்கள் கழுத்துச் சீட்டைப் படிப்பதில்லை. உலகத்துப் பழைய ஸ்வெட்டரெல்லாம் மூட்டை மூட்டையாக எங்கள் ஊருக்கு வந்து, பஞ்சாகி, நூலாகி, புதுத் துணியாகத் திரும்பிப் போகிறது. ஸ்வெட்டரின் கழுத்தில் தைத்த சீட்டு 'நூறு சதவீதம் கம்பளி' என்று சத்தியம் செய்யும். தேர்தலில் நிற்பவர் செய்கிற சத்தியத்துக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. அதனால் முதல் வேலையே கத்தரியை எடுத்து அதை வெட்டி எறிவதுதான். அதற்குப் பிறகு விரல் படிக்க வேண்டும்.

மொரேனா பெஸ்ஸி முப்பத்தொன்பது வருஷம் விரலால் படித்தவள். ஒருமுறை ஆயர் அவளை ஆசீர்வதித்தபோது அங்கியின் ஓரத்தைத் தொட்டுவிட்டு, "அஞ்சுல ஒரு பங்கு நைலான். உங்களை ஏமாத்திட்டாங்க சாமி" என்றாளாம். தையல்காரர் அன்றைக்கே ஊரைவிட்டு ஓடினாராம். இதில் பாதி பொய். நைலான் மட்டும் நிஜம்.

போன வருஷம் அவள் வேலை பார்க்கும் வாஸ்கோவின் கிடங்குக்கு ஒரு எந்திரம் வந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒளியைத் துணிமேல் பாய்ச்சி, கம்பளியா, அக்ரிலிக்கா, கலப்பா என்று நொடியில் சொல்லிவிடும். கொண்டுவந்த இன்ஜினியர் லுயீசா ஜெங். அவள் அப்பா சீனத்திலிருந்து வந்தவர். அவளோ இங்கேயே பிறந்தவள். எங்கள் ஊர்ப் பேச்சு எங்களைவிட அவளுக்குச் சுத்தமாக வரும், திட்டும்போது இன்னும் சுத்தம்.

எந்திரத்துக்கு முதலில் பாடம் எடுக்க வேண்டும். இரண்டாயிரம் துண்டுகளைக் காட்டி, இது இன்னது என்று சொல்லித்தர வேண்டும்.

"லேபுக்கு அனுப்பிச் சோதிச்சுக்கலாம் சார்" என்றாள் லுயீசா.

"லேப் எதுக்கு? மொரேனா இருக்கா. லேபுக்கே அவதான் பாடம் எடுக்கணும்" என்றார் வாஸ்கோ.

கிடங்கே கைதட்டியது. மொரேனா தலையாட்டினாள்.

அவள் விரல்நுனிகள் இரண்டு குளிர்காலத்துக்கு முன்பே மரத்துப்போயிருந்தன. சிலநாள் கண்ணை வைத்தும், சிலநாள் மூக்கை வைத்தும், பக்கத்து பெஞ்சு ஃபிராங்கா எந்தத் தொட்டியில் எறிகிறாள் என்று ஓரக்கண்ணால் பார்த்தும் ஒப்பேற்றி வந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. இப்போது லுயீசா எதிரே உட்கார்ந்து எழுதிக்கொள்ள, ஃபிராங்காவும் பக்கத்தில் இல்லை. என்ன செய்வாள்? கந்தல்காரி எவளும் செய்யக் கூசுகிற காரியத்தைச் செய்தாள். மேஜைக்கு அடியில் கழுத்துச் சீட்டைப் படித்தாள். படித்துவிட்டு வெட்டி எறிந்தாள். பிறகு கண்ணை மூடி, துணியை உருட்டி, "கம்பளி" என்றாள். மூன்று வாரம் இப்படியே போனது.

எந்திரம் முதலில் பிரித்தது வெளிர்சாம்பல் கந்தல். எங்கள் பேட்டை வாத்தியக் குழு செப்டம்பர் எட்டாம் தேதி மாதா திருவிழா ஊர்வலத்துக்குப் புதுக் கோட்டு கேட்டிருந்தது. நிறம் பார்த்துப் பிரித்துவிட்டால் எங்களுக்குச் சாயமே தேவைப்படாது. ஆனால் குழுவுக்கு அவர்களுடைய அந்தக் கருநீலம்தான் வேண்டும். நெய்த துணி சாயத்துக்குப் போய் வந்தது. கம்பளி நீலத்தைக் குடித்துவிட்டது. கம்பளி என்று எந்திரம் பிரித்ததற்குள் கலந்திருந்த அக்ரிலிக் குடிக்கவில்லை. முந்நூறு மீட்டர் துணியிலும் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி.

ஃபிராங்கா ஒரு முழம் பிரித்துப் பார்த்தாள். "அடேயப்பா! குழுவுல நாப்பது பேருக்கும் சேர்த்துப் பொடுகு நெய்து குடுத்திருக்கு இந்தப் பெட்டி!"

கிடங்கு குலுங்கியது. எந்திரத்துக்கு ஒருவன் சீப்பு நீட்டினான்.

வாஸ்கோ மட்டும் சிரிக்கவில்லை. "லாரிக்குச் சொல்லிட்டேன், லுயீசா. நாளைக்கு உங்க பெட்டியை ஏத்திக்கிட்டுப் போங்க. உங்க கம்பெனிக்கும் எழுதிட்டேன், இந்தப் பொண்ணை இனி எங்கயும் அனுப்பாதீங்கன்னு."

லுயீசா மத்தியானச் சாப்பாட்டைத் தொடாமல் தான் எழுதிவைத்த இரண்டாயிரம் வரியையும் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன தேடுறே?" என்று கேட்டாள் மொரேனா.

"நீங்க சொன்னதை நான்தான் எங்கயோ மாத்தி எழுதியிருக்கணும், அக்கா. நீங்க தப்பாச் சொல்ல வழியே இல்லையே."

அந்தச் சொல்லைக் காதில் வாங்கிக்கொண்டு மொரேனா வீட்டுக்குப் போனாள். வழியில் ரொட்டிக் கடைக்காரர், "பெட்டியைத் தோக்கடிச்சிட்டியாமே!" என்று காசு வாங்காமல் ஒரு ரொட்டியை நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டு நடந்தாள். வீட்டு மேஜைமேல் அந்த ரொட்டி வெட்டப்படாமலே கிடந்தது.

மறுநாள் காலை லாரி வந்துவிட்டது. எந்திரத்துக்குக் கயிறு கட்டும்போது மொரேனா பெஞ்சைவிட்டு எழுந்தாள்.

"வாஸ்கோ, அதை இறக்கு. தப்பு என்னோடது. எனக்கு விரல்ல உணர்ச்சி இல்ல. ரெண்டு வருஷமாச்சு. நான் சீட்டைப் படிச்சுச் சொன்னேன்."

வாஸ்கோ அவள் தோளில் தட்டினார். "பெரிய மனசு உனக்கு. அந்தப் பொண்ணுக்காகப் பழியைத் தூக்கித் தலையில போட்டுக்கறியே!"

"பாத்தீங்களா, இதுதான் எங்க மொரேனா!" என்றாள் ஃபிராங்கா. ஒருத்தி கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டாள். பொய்க்குக் கிடைத்ததைவிட உண்மைக்குப் பாராட்டு அதிகமாக இருந்தது. மொரேனா கையை நீட்டினாள்.

"ஃபிராங்கா, எதையாவது எடுத்து என் கையில குடு. நான் கண்ணை மூடிக்கறேன்."

"விளையாடாதேடி."

"குடுன்னு சொல்றேன்!"

ஃபிராங்கா காலடியில் கிடந்ததை எடுத்துக் கொடுத்தாள். மொரேனா கட்டைவிரலால் உருட்டினாள், மடித்தாள், மெல்ல இழுத்தாள். முப்பத்தொன்பது வருஷம் செய்த அதே கைவாகு, ஒரு பிசகு இல்லை.

"கம்பளி... முக்கால் பங்கு. மீதி அக்ரிலிக்" என்றாள்.

கண்ணைத் திறந்தாள். கையில் இருந்தது சணல் சாக்கின் கிழிசல்.

மொரேனாவைச் சீண்டாத நாளே ஃபிராங்காவுக்குக் கிடையாது. யாரையும் விட்டுவைக்காத வாய் அது. அன்று அவள் சாக்குத் துண்டை மொரேனாவின் விரல்களிலிருந்து மெதுவாக விடுவித்து, மடித்து, தன் ஏப்ரன் பைக்குள் வைத்துக்கொண்டாள். ஒரு கேலி, ஒரே ஒரு கேலி செய்திருந்தால் மொரேனா தாங்கியிருப்பாள்.

வாஸ்கோ லாரிக்காரரிடம் போய்க் கயிற்றை அவிழ்க்கச் சொன்னார். திரும்பி வரும்போது மொரேனா பக்கம் பார்க்காமல் சுற்றிக்கொண்டு போனார்.

லுயீசா மட்டும் நேரே வந்தாள். அவள் கோபமாகத்தான் இருந்தாள். அதை மறைக்கவும் இல்லை. "ரெண்டாயிரம் துண்டும் லேபுக்குப் போகணும், அக்கா. ஒவ்வொண்ணுக்கும் நம்பர் ஒட்டணும். நாளைக்கு எட்டு மணிக்கு வந்திருங்க. அதுக்கு முன்னாடி ஒரு டாக்டரைப் பாருங்க."

மறுநாள் ஏழே முக்காலுக்கே மொரேனா வந்துவிட்டாள். வாசல் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒன்று, இரண்டு என்று ஒட்ட ஆரம்பித்தாள். உள்ளே வந்தவர்கள் ஒவ்வொருவராக அவளுக்குக் காலை வணக்கம் சொன்னார்கள், நோயாளிக்குச் சொல்வதுபோல.