கேத்தலில் கொதித்த ஆலங்கட்டி

அந்தக் கேத்தலின் மூடியைத் திறந்ததும் மிஸ்ஸின் முகம் வாடிவிட்டது. எங்கள் ஆய்வுக்கூடத் தலைவியை மிஸ் என்றுதான் அழைப்போம். பதுளை டவுனில் கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பத்துப் பெண்; நான் அவருடைய உதவியாளர். தேயிலை இலைமேல் வாழும் பக்டீரியாக்கள் காற்றோடு ஏறிப்போய் மேகத்துக்குள் ஐஸ் உண்டாக்குகின்றன என்று மிஸ் நம்பினார். "அதெல்லாம் வெறும் மண்தூசி" என்று மேலதிகாரி சிரித்தார். அந்த மழைக்காலத்துக்குள் நிரூபிக்காவிட்டால் ஆய்வையே மூடிவிடுவதாகவும் சொல்லிவிட்டார்.

மேகத்து நீர்த்துளி பூச்சியத்துக்குக் கீழே குளிர்ந்தாலும் லேசில் உறையாது. பற்றிக்கொள்ள ஒரு துகள் வேண்டும்; அந்தத் துகள் உயிருள்ளது என்பதுதான் மிஸ்ஸின் வாதம். முதலில் கேட்டபோது எனக்கே நம்பிக்கை வரவில்லை. கொஸ்லந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயமொன்றில் இருந்த கொழுந்து பறிக்கும் அக்காவிடம், விழுவதைப் பொறுக்கிப்போடச் சொல்லிச் சுத்தமான போத்தலைக் கொடுத்துவிட்டு ஆலங்கட்டி மழைக்காகத் தவம் கிடந்தோம். ஒரு பின்னேரம் கொட்டித் தீர்த்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், அக்கா பொறுக்கிய ஆலங்கட்டியெல்லாம் தண்ணீராகிப் பாதி போத்தலிலும் பாதி கேத்தலிலும் இருந்தது.

"டவுன்காரவங்களுக்குப் பச்சத்தண்ணி ஒத்துக்காதுங்களே மிஸ்! அதான் குடிக்கக் கொஞ்சம் கொதிக்க வச்சேன்."

கொதித்தாறிய தண்ணீரைத்தான் குடிக்க வேண்டும் என்று தோட்டத்து டிஸ்பென்சரியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். ஆசையாகக் குடிக்கத்தான் கேட்கிறோம் என்று நினைத்துவிட்டார், பாவம். எனக்கு அழுகையே வந்தது. மிஸ் இரண்டையும் எடுத்துக்கொண்டார்.

ஆய்வுக்கூடத்துக் குளிர்தட்டில் இரண்டிலிருந்தும் துளிகளை வைத்தோம். போத்தல் துளிகள் ஒவ்வொன்றாகப் பால்போல வெளுத்து உறைந்தன. கேத்தல் துளிகள் அதே குளிரில் தெளிந்த நீராகவே நின்றன. எத்தனை முறை செய்தாலும் அப்படியே. மண்தூசியைக் கொதிக்க வைத்தாலும் அது மண்தூசிதான். துளியை உறையவைக்கும் பக்டீரியாவின் புரதமோ வெந்தால் கெட்டுப்போகும். மிஸ் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

ஆய்வு பிழைத்தது. மிஸ் இப்போது வேறு நாட்டில் இருக்கிறார். இன்றும் தோட்டத்துக்கு மேலே மேகம் திரண்டால் நான் வேலையை விட்டுவிட்டு அண்ணாந்து நிற்கிறேன். கண்ணுக்குத் தெரியாத எத்தனை பேர் ஏறிப்போகிறார்களோ என்று பிரமிப்பாக இருக்கும். முடிவைச் சொல்லப் போன அன்று அக்காவும் அப்படித்தான் வானத்தைப் பார்த்தார். பிறகு சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஐயையோ, அம்புட்டு ஒசரம் போயிட்டு வந்ததுகள நான் கொன்னுப்புட்டேனே மிஸ்!"