தார் டிரம்முக்கு அந்தப் பக்கம்

மருந்துக்கடையில் நிற்பவளுக்கு ஊரில் யாருக்கு என்ன நோய் என்று தெரியும். அதில் எது தன்னோடு வீட்டுக்கு வருகிறது என்பது மட்டும் தெரியாது. கொரோனாக் காலத்தில் சின்னப் பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போனவர்களே, உங்களிடம் இதை விளக்க வேண்டியதில்லை. எங்கள் கடை கேரளத்துப் பாறசாலைக்குத் தெற்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி. என் மகள் ஆன்சிக்கு அப்போது நாலு வயது. மழை பிடித்தால் அவளுக்கு இழுப்பு வரும். என் பயமெல்லாம் அந்தச் சின்ன நெஞ்சைப் பற்றித்தான்.

ரோட்டில் டிரம்

தமிழ்நாட்டுக்குப் போகும் ரோட்டைத் தார் டிரம்களை வைத்து அடைத்துவிட்டார்கள். டிரம்முக்கு அந்தப் பக்கம், களியக்காவிளையில் இருக்கும் ராஜன் பல வருஷமாக எங்களிடம் மருந்து வாங்குகிறவர். போனில் சொல்வார். நான் டிரம்மின்மேல் வைத்துவிட்டு நாலடி பின்னால் வருவேன். பிறகு அவர் வந்து எடுப்பார். சர்ச்சில் திருவிருந்துகூட இவ்வளவு பயபக்தியாக நடக்காது.

ஒருநாள் பிள்ளைகளுக்குள்ள காய்ச்சல் சிரப் கேட்டார். யாருக்கு, எத்தனை நாளாக என்று நான் கேட்கவேயில்லை. அவராகவே சொன்னார்: "மகனுக்குச் சாதா காய்ச்சலாக்கும் அக்கா, மற்றது இல்ல. பயப்படண்டாம்."

கதவுக்கு வெளியே

வேலை முடிந்து வந்தால் நேரே வீட்டின் பின்பக்கம். உடுத்தியதைச் சோப்புத் தண்ணீரில் முக்கி, தலையோடு குளித்த பிறகுதான் உள்ளே. அதுவரை மகளைக் கம்பிக்கதவுக்குள் பிடித்து வைப்பது என் கணவரின் வேலை. ஒருநாள் அவர் போனில் மூழ்கியிருந்த நேரம், அவள் ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டாள். நான் போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அழக்கூடச் செய்யாமல் விலகிப் போனவள், சோறு ஊட்டும்போது மெதுவாகக் கேட்டாள்: "அம்மா, நீ குளிக்காம தொட்டா நான் செத்துப் போவேனா?"

சின்ன மாஸ்க்

மறுவாரம் அவளுக்குக் காய்ச்சலும் இழுப்பும் சேர்ந்து வந்தது. என்னிடமிருந்துதான் ஒட்டியிருக்கிறது என்று முடிவே கட்டிவிட்டேன். டெஸ்டுக்குக் கொடுத்தாயிற்று, ரிசல்ட் வரவில்லை. அவளை வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் இருப்பதும் எல்லைக்கு அந்தப் பக்கம், மார்த்தாண்டத்தில். போனில் இன்ஹேலர் கொடுக்கச் சொன்னார். இன்ஹேலர் இருந்தது. அதைப் பிள்ளையின் முகத்தில் பொருத்தும் சின்ன மாஸ்க் கிழிந்து போயிருந்தது. எங்கள் கடையில் பெரியவர்களுக்குள்ளதுதான் மிச்சம். ஊருக்கெல்லாம் மருந்து எடுத்துக் கொடுக்கிறவள், தன் பிள்ளைக்கு ஒன்றும் எடுக்க முடியாமல் நின்றேன்.

ராஜனுக்குப் போன் செய்தேன். "இதா வாறேன்" என்றார். எங்கே அலைந்தாரோ, ஒரு மாஸ்க்கோடு வந்து டிரம்மின்மேல் வைத்துவிட்டு நாலடி பின்னால் போனார். இந்தத் தடவை காத்து நின்றவள் நான். அவர் ஒன்றும் கேட்கவேயில்லை. சொன்னது மட்டும்தான்: "சாதா இழுப்பாக்கும் அக்கா, மற்றது இல்ல. பயப்படண்டாம்."

ரிசல்ட்டும் அதையேதான் சொன்னது. என் பயத்துக்கு மட்டும் இன்னும் நெகட்டிவ் வரவில்லை.